யாரிடம் மௌனம், யாரிடம் பேச்சு

(புதுச்சேரி மூலக்குளத்தில் பொழுதுபோக்குக் குழு நண்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாடியில் தொட்டி வைத்து அவரையும் கீரையும் வளர்ப்பவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஊசுட்டேரிக் கரையில் விடியற்காலையிலேயே பைனாகுலரோடு போய் நிற்பவர்கள் வந்திருக்கிறீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துத் தபால்தலைகளையும் நாணயங்களையும் தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரும் பிழைப்புக்கான வேலை முடிந்த பிறகு, ஒரு காசும் எதிர்பாராமல், மனத்துக்குப் பிடித்த ஒன்றைச் செய்கிறவர்கள். உங்களைச் சேர்த்துவைத்திருப்பது கைப்பேசியில் இருக்கும் ஒரு குழு. மூலக்குளத்துக்காரரும் பாகூர்க்காரரும், பாரீஸில் குடியேறிவிட்ட நம்மூர்க்காரரும் அங்கேதான் சந்தித்துக்கொள்கிறார்கள். அந்த இடம் சண்டைக்காடாக ஆகாமல் இருக்க என்ன வழி என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

வம்புக்கு வருகிறவரைக் கண்டுகொள்ளாதீர்கள் என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். சரியான பதில்தான். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் சொல்வதற்கு எளிதாக இருக்கும் அது, செய்வதற்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது, செய்தும் சில இடங்களில் ஏன் பலிப்பதில்லை என்பதை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு குழுவில் வழக்கமாக நடப்பதை யோசித்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தயங்கித் தயங்கித் தன் கத்தரிச் செடியின் படத்தைப் போடுகிறார். இலை சுருளுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். நூறு பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் பதில் எழுதுவதில்லை. அன்று இரவு வேறொருவர், 'இங்கே இருக்கிறவன் எவனுக்கும் விவசாயம் தெரியாது' என்று எழுதுகிறார். பத்து நிமிடத்துக்குள் நாற்பது பதில் வருகிறது. படித்தவர், பெரியவர், வாரக்கணக்கில் வாயே திறக்காதவர் எல்லோரும் வந்து பதில் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தக் குழு தன்னிடமிருந்த பேச்சு முழுவதையும் வம்புக்காரருக்குக் கொடுத்துவிட்டது. மௌனம் முழுவதையும் புதியவருக்குக் கொடுத்துவிட்டது. இதை அப்படியே மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

மௌனத்துக்கு அவ்வளவு பலம் உண்டா என்று கேட்கலாம். 2014-ல் ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் தனெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், யூரே லெஸ்கோவெச் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சி.என்.என்., பிரைட்பார்ட் ஆகிய செய்தித் தளங்கள், ஐ.ஜி.என். என்ற வீடியோ விளையாட்டுத் தளம், கொரியப் பாடல் ரசிகர்கள் கூடும் ஆல்கேபாப் தளம் என நான்கு பெரிய இடங்களில் மக்கள் எழுதிக்கொண்டதை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றவர்கள் கட்டைவிரலைக் கீழே காட்டினால் அவர் அடுத்து என்ன செய்கிறார்? திருந்துவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படித் திட்டு வாங்கியவர்களோ முன்னைவிட அதிகமாக எழுதினார்கள். எழுத்தின் தரமும் இறங்கியது. அதோடு போகாமல், மற்றவர்களின் எழுத்துக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டுவதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். திட்டு வாங்கியவர் ஊருக்கெல்லாம் திட்டைப் பங்குவைத்தார். சரி, அந்த இடங்களை விட்டு அதிகம் விலகிப்போனவர்கள் யார்? பாராட்டும் கிடைக்காமல் திட்டும் கிடைக்காமல் இருந்தவர்கள்தான்.

இதன் ஒரு பாதியை எல்லோரும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறார்கள். வம்பரை விரட்ட வேண்டுமா, பேசாமல் இருங்கள் என்று. மறுபாதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வம்பரை வெளியேற்றும் அதே மௌனம் கத்தரிச் செடிக்காரரையும் வெளியேற்றிவிடும். அவர் கோபித்துக்கொண்டு போக மாட்டார். ஒரு நாள் குழுவை விட்டு விலகியிருப்பார். யாருக்கும் தெரியாது.

மௌனத்தையும் பேச்சையும் இடமறிந்து கொடுப்பதைத் தமிழில் நீண்ட காலம் நடத்திக்காட்டியிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்திலெல்லாம் அதில் கட்டுரை கட்டுரையாக எழுதிச் சேர்த்தார். அவர் தொடங்கியவை மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அதற்காக அவருக்கு 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது வழங்கியது. 2017-ல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. எழுதியவர்கள் ஆசிரியர்கள், பொறியாளர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் கிடையாது, கட்டுரையின் தலையில் பெயரும் வராது. பொழுதுபோக்கு என்று அதைச் சொன்னால் அவர்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். பொழுதைப் போக்கும் வழிகளில் இதைவிட உயர்ந்தது அதிகம் இல்லை என்பதால்தான் நான் அந்தச் சொல்லைச் சொல்கிறேன்.

அதன் கதவு திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எதையும் மாற்றலாம். ஒரு நடிகரின் ரசிகர் இன்னொரு நடிகரின் பக்கத்துக்குப் போய் வசை எழுதுவார். ஒரு சாதியைப் பற்றிய கட்டுரையில் இன்னொரு சாதிக்காரர் பெருமையைக் கொட்டுவார். பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு ஒற்றை எழுத்தைத் தட்டிவைத்துப் போகிறவரும் உண்டு. அங்கே இதற்கு விசமத் தொகுப்பு என்று பெயர். அண்மைய மாற்றங்கள் என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தன்னார்வலர் பழைய நிலைக்கு அந்தப் பக்கத்தை மீட்டுவிடுவார். ஒரு சொடுக்கு போதும். செய்தவருக்கு ஒரு வரி எச்சரிக்கை எழுதுவார். தொடர்ந்து செய்தால் நிருவாகி ஒருவர் தடை போடுவார். கோபமாக ஒரு சொல் இருக்காது, 'உனக்கு வெட்கமில்லையா' என்ற கேள்வி இருக்காது. பத்து நிமிடம் மெனக்கெட்டு அழித்தவருக்குப் பத்து விநாடிக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதைப் பார்த்தால் அலுத்துப்போகும். திறந்த கதவோடு அந்த வீடு இத்தனை ஆண்டு நிலைத்திருப்பதற்கு இந்த அலுப்பு ஒரு முக்கியமான காரணம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு நேர்மாறான ஒரு பாடம் கிடைத்தது. அங்கே ஒருவர் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் தலைப்போடு 'ஆன் வீல்ஸ்', அதாவது 'சக்கரங்களின் மேல்' என்று ஒட்டிவைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். வில்லி ஆன் வீல்ஸ் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவர் செய்ததையெல்லாம் தொகுத்துத் தனிப் பக்கம் எழுதினார்கள். எதிர்த்தவர்கள் கட்டிக் கொடுத்த மேடை அது. அவரைப் பார்த்து அதே போலச் செய்கிறவர்களும் கிளம்பினார்கள். பிறகுதான் புரிந்து, அப்படிப்பட்டவர்களுக்கு அங்கீகாரமே கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவுரைக் கட்டுரையை எழுதிவைத்து, விசமிகளைப் பற்றிய அந்தப் பக்கங்களையும் நீக்கினார்கள்.

தமிழ் விக்கிப்பீடியர்கள் எல்லாவற்றுக்கும் மௌனம் காத்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் உண்டு. ஊர்ப் பொது விவாதம் அங்கேதான் நடக்கும். கிரந்த எழுத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா, தலைப்புக்கு இலங்கை வழக்கை வைப்பதா தமிழ்நாட்டு வழக்கை வைப்பதா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். சூடாகவே வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதங்களை ஒதுக்கியிருந்தால் கொழும்பும் கோயம்புத்தூரும் ஒரே கலைக்களஞ்சியத்தில் எழுதியிருக்க முடியாது. மாற்றுக் கருத்து சொல்கிறவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர் குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்பது செடியைப் பற்றியா, பறவையைப் பற்றியா, நம்மைப் பற்றியா என்று பார்த்தால் போதும். பொருளைப் பற்றி இருந்தால் பேசுங்கள். ஆளைப் பற்றி மட்டும் இருந்தால் விடுங்கள். இரண்டும் கலந்திருந்தால் பொருளுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதைப் படிக்காதவரைப் போல இருந்துவிடுங்கள். என் அனுபவத்தில் மிகவும் பலன் தந்தது இந்த மூன்றாவது வகைதான்.

பொருளையும் ஆளையும் பிரித்துப் பார்க்காததால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு, இங்கிருந்து தெற்கே கடலூர்ப் பக்கம் நடந்த ஒரு வரலாறு இருக்கிறது.

1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார், இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு அந்தப் பெயர் ஏற்புடையதாக இல்லை. அருட்பா, திருமுறை என்ற பெயர்கள் தேவாரம், திருவாசகம் முதலிய பழைய சைவ நூல்களுக்கே உரியவை என்பது அவர் நிலைப்பாடு. நாவலர் சாதாரண மனிதர் அல்லர். பள்ளிக்கூடம் நிறுவியவர், அச்சுக்கூடம் நடத்தியவர், தமிழ் நூல்களைப் பிழையற அச்சில் கொடுத்த முன்னோடி. அவர் எழுப்பிய கேள்வி பேசத் தகுந்த கேள்வி. ஒரு சபையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியிருந்தால் தமிழுக்கு நல்ல ஒரு விவாதம் கிடைத்திருக்கும்.

நடந்தது வேறு. மறுப்பு நூல் வந்தது, அதற்குக் கண்டனம் வந்தது, கண்டனத்துக்கு மறுப்பு வந்தது. பாடல்களுக்கு மருட்பா என்று பட்டம் சூட்டப்பட்டது. பொருளில் தொடங்கிய பேச்சு ஆளுக்குப் போய், பிறப்புக்கும் ஒழுக்கத்துக்கும் போயிற்று. 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காகவும் வந்து நின்றது. 1874-ல் இராமலிங்க அடிகள் மறைந்தார். 1879-ல் நாவலரும் மறைந்தார். சண்டை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலர் மரபில் வந்த நா. கதிரைவேற்பிள்ளை அதை மீண்டும் கையில் எடுத்தார். அருட்பாவுக்காகச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் மேடை ஏறினார். சென்னையில் இன்னொரு வழக்கு. ஆய்வாளர் ப. சரவணன் இந்தக் கண்டன நூல்களையெல்லாம் தேடித் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார். அதைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, அத்தனை பெரிய படிப்பாளிகளின் நேரம் எங்கே போயிற்று என்று மனம் வலிக்கும்.

அந்த இரண்டாவது வழக்கில் ஒரு மாணவர் அகப்பட்டுக்கொண்டார். சென்னை வெஸ்லி பள்ளியில் படித்த அவருக்குத் தமிழாசிரியர் கதிரைவேற்பிள்ளை. ஆசிரியர் சார்பில் 1904-ல் நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போக வேண்டியிருந்ததால், அவர் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. அவர்தான் பின்னாளில் திரு.வி.க. என்று நாடறிந்த திரு.வி. கலியாணசுந்தரனார். எந்தத் தரப்புக்கு எதிராகச் சாட்சிக் கூண்டு ஏறப் போனாரோ, அந்த இராமலிங்கரைப் போற்றிப் பின்னாளில் தனி நூலே எழுதினார். அவர் பெரிய மனிதர், பள்ளிக்கூடம் இல்லாமலே வளர்ந்துவிட்டார். ஆனால் ஒரு குழுவில் இருவர் மோதிக்கொள்ளும்போது நடுவில் நிற்கும் இளையவர்கள் எல்லோரும் அப்படி வளர்ந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் அந்த வரலாற்றில் கவனியுங்கள். இராமலிங்க அடிகளின் தரப்பில் கண்டனங்களை எழுதிக் குவித்தவர்கள் அவருடைய அன்பர்கள். அன்பு மிகுதியால் எழுதினார்கள். குழுக்களிலும் இதுவே நடக்கிறது. வசை வாங்கியவர் பேசாமல் இருந்தாலும், அவர் மேல் அன்பு கொண்டவர் விடுவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்டுகொள்ளாமை தனி ஒருவரின் பொறுமையால் ஆகிற காரியம் இல்லை. கூட்டமாகச் செய்ய வேண்டியது. ஒருவர் தவறினாலும் எல்லோருடைய உழைப்பும் போய்விடும்.

இதற்கு உளவியலில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. கார்ல் வில்லியம்ஸ் என்பவர் 1959-ல் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். 21 மாதக் குழந்தை. நோய்வாய்ப்பட்டிருந்த காலத்தில் பெரியவர்கள் இரவில் பக்கத்திலேயே இருந்து பழகியதால், உடம்பு தேறிய பிறகும் அவர்கள் அறையை விட்டு நகர்ந்தாலே கத்தித் தீர்க்கும். தூங்கும்வரை யாராவது காவல் இருக்க வேண்டும். இனி கத்தினாலும் உள்ளே போவதில்லை என்று முடிவு செய்தார்கள். முதல் இரவு 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறை படுக்கவைத்தபோது, பெற்றோர் அறையை விட்டுப் போகையில் அழவில்லை, சிரித்தது. ஒரு வாரம் கழித்து அக்குழந்தையின் அத்தை படுக்கவைத்தார். குழந்தை சிணுங்கியது, அத்தைக்கு மனம் கேட்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பழைய அழுகை முழுமையாகத் திரும்பிவிட்டது. முழுவதையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

நம் ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஓர் அத்தை இருக்கிறார். மிகவும் நல்லவர். 'அவர் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருக்குமே, நான் ஒருமுறை பேசிப் பார்க்கிறேன்' என்று நள்ளிரவில் எழுதத் தொடங்குவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். முன்கூட்டியே அவரிடம் பேசிவையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். கவனிப்பு நின்றவுடன் வம்பு உடனே அடங்காமல், முதலில் கூடவும் செய்யலாம். மூன்று மடங்கு சத்தம் வரலாம். மௌனம் பலிக்கவில்லை என்று நாம் கைவிடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அப்போது கைவிட்டால், மூன்று மடங்கு கத்தினால் பதில் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாகிறோம்.

பதில் நடவடிக்கை எப்படிப் பெருக்கிவிடும் என்பதற்கு நம் புதுச்சேரியிலேயே நாடறிந்த ஒரு நிகழ்வு உண்டு. 2012 அக்டோபர் இறுதியில், அன்றைய ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக இவ்வூர்த் தொழில்முனைவர் ஒருவர் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வந்தார். அவர் எழுதியது சரியா தவறா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று பத்திரிகைகள் எழுதின. பதினாறு பேர் பார்த்திருக்கக்கூடியதைப் புகார் கொடுத்த பிறகு நாடே படித்தது. அந்தக் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. உங்கள் குழுவில் ஒருவர் உங்களைப் பற்றி ஏதோ எழுதிவிட்டால், அதைப் படம் பிடித்து மற்ற மூன்று குழுக்களில் போட்டு 'பாருங்கள் அநியாயத்தை' என்று கேட்கும் முன் அந்தப் பதினாறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எல்லையையும் கோடு போட்டுச் சொல்லியாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஒரு பெண்ணின் படத்தைத் திரித்துப் போடுவது, அவருடைய கைப்பேசி எண்ணைப் பரப்புவது, வீட்டுக்கு வருவேன் என்று மிரட்டுவது ஆகியவை கண்டுகொள்ளாமல் விடக்கூடிய வம்பு வகையில் சேராது. குற்றம். அழிக்கும் முன் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். உள்துறை அமைச்சகம் நடத்தும் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. காவல் நிலையத்துக்கும் போகலாம். 'விடும்மா, கண்டுக்காதே' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும் உரிமை நம்மில் யாருக்கும் கிடையாது.

சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, உடலைச் சொல்லி ஒருவர் இழிவுபடுத்தப்படும்போதும் அப்படியே. அங்கே எல்லோரும் வாய்மூடி இருந்தால் அடிபட்டவர் அதை எப்படிப் படிப்பார்? இத்தனை பேரும் அவன் பக்கம்தான் போலிருக்கிறது என்றுதான் படிப்பார். ஆகவே அட்மின் அந்தப் பதிவை நீக்க வேண்டும். 2022 முதல் வாட்ஸ்அப்பிலேயே அட்மினுக்கு யாருடைய பதிவையும் எல்லோருக்குமாக நீக்கும் வசதி வந்துவிட்டது. நீக்கிவிட்டு, 'இப்படிப்பட்ட பேச்சுக்கு இங்கே இடமில்லை, நீக்கியிருக்கிறேன்' என்று ஒரே வரி. விளக்கம் வேண்டாம், வாதம் வேண்டாம். மற்றவர்கள் வசைபாடியவருக்குப் பதில் எழுதாமல், அடிபட்டவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். ஒருவர் பேசினால் போதாது, நான்கைந்து பேர் பேசுங்கள். வம்பருக்கு மௌனம் என்பது பாதி வேலைதான். அந்த மௌனத்தால் மிச்சமான குரலைக் காயம்பட்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. முதல் பாதியை மட்டும் செய்யும் குழுவில் அமைதி இருக்கும், நட்பு இருக்காது.

அட்மின்களுக்கு ஒரு பயம் இருக்கிறது என்று அறிவேன். யாரோ போட்டதற்கு நான் சிறைக்குப் போவேனா என்று கேட்கிறார்கள். உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் கூறியிருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றமும் அதற்கு முன்பே அப்படித்தான் சொன்னது. ஆகவே பயந்து குழுவையே பூட்டிவைத்து, அட்மின் மட்டும் எழுதலாம் என்று ஆக்கிவிடாதீர்கள். பூட்டிய குழுவில் வம்பு வராதுதான். வேறு எதுவும் வராது.

நிரந்தர வம்பர்களை விட எனக்கு அதிக அக்கறை, நம்மோடு பல காலமாக இருந்து திடீரென்று ஒரு நாள் சீறுகிறவர்களிடம் உண்டு. 2017-ல் அதே ஜஸ்டின் செங்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு எளிய தேர்வு வைத்தார்கள், சிலருக்குக் கடினமான தேர்வு வைத்து மனநிலையைக் கெடுத்தார்கள். பிறகு ஒரு விவாதத்தில் எழுதச் சொன்னார்கள். எளிய தேர்வு எழுதி, நல்ல பேச்சைப் படித்துவிட்டு எழுதியவர்களின் பதிவுகளில் வம்பானவை 35 சதவீதம். மனமும் கெட்டிருந்து, முன்னால் வம்பான பேச்சையும் படித்திருந்தால் அது 68 சதவீதம். வம்பு செய்வதற்கென்றே பிறந்த ஒரு சாதி இல்லை என்பதுதான் இதன் பொருள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கும், கடன்காரர் வந்து போயிருப்பார், அந்த நேரத்தில் குழுவில் ஏற்கெனவே நான்கு சூடான வரிகள் கிடந்தால் நம் நண்பரும் ஐந்தாவதாக ஒன்றை எழுதிவிடுவார்.

இவருக்கு மௌனம் மருந்து ஆகாது. பத்து வருடம் பழகியவரை ஊரே ஒதுக்கினால் அவர் உடைந்துபோவார். குழுவில் பதில் எழுதாதீர்கள். மறுநாள் காலை போன் செய்யுங்கள். 'என்னண்ணா, நேத்து ஏதோ சரியில்லாத மாதிரி இருந்துதே, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே போய் அந்தப் பதிவை நீக்கிவிடுவார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி எல்லோர் முன்பும் நிறுத்தாதீர்கள். தானாகக் கேட்டால் ஏற்றுக்கொண்டு, உடனே செடியைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அந்த 2017 சோதனையின் எண்களில் இன்னொரு பயனும் இருக்கிறது. முன்னால் கிடக்கும் வரிகளைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுகிறார். அப்படியானால் வம்பான பதிவுக்கு மேல் நாற்பது நல்ல பதிவுகள் விழுந்துவிட்டால் அது கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். சண்டை தொடங்கிய இரவில் பூத்த பூவின் படத்தைப் போடுங்கள், பழைய சந்தேகத்தை எடுத்துக் கேளுங்கள், பதில் இல்லாமல் கிடக்கும் கேள்விகளைத் தேடிப் பிடித்துப் பதில் எழுதுங்கள். சண்டையைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்ய வேண்டியிருக்கும்.

பறவை நண்பர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பறவையாளர்கள் 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். பொங்கலை ஒட்டிய நான்கு நாள்களில், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். ஊசுட்டேரிக்கும் புதியவர்கள் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். வெள்ளையாக நின்ற எல்லாவற்றையும் கொக்கு என்று ஒரே பெயரில் எழுதிக் குழுவில் போடுவார்கள். யாரோ ஒருவர் இதுகூடத் தெரியாதா என்று கேட்பார். அவருக்கு யாரும் எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு எழுதுங்கள். அலகு மஞ்சளா கறுப்பா என்று பார்த்தாயா, மஞ்சள் என்றால் உண்ணிக்கொக்காக இருக்கலாம், அலகு கறுப்பாக இருந்து கால்விரல் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு, மாடு பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்ததா, தண்ணீரில் நின்றதா, நாளைக் காலை மறுபடி போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறாயா என்று கேளுங்கள்.